மூன்று பொட்டலம் மிளகு

மிளகாய் இன்னும் கப்பலேறி நம் கரைக்கு வராத காலம். காரம் வேண்டும் என்றால் மிளகு. மிளகு வேண்டும் என்றால் மலை. மலையிலிருந்து அதை இறக்க வேண்டும் என்றால் மாட்டின் முதுகு. அந்தக் காலத்தில் நடந்தது இது. நாட்டுக்கு ராஜா ஒருவர் இருந்தார். தலைநகரில் சௌக்கியமாக இருந்தார். இந்தக் கதைக்குள் அவர் வரமாட்டார். வருகிறவர் ஒரு சமையற்காரர். கேளுங்கள்.

மலையடிவாரத்தில் பொதிமேடு என்று ஓர் ஊர். கணவாய் வழியாக இறங்கும் பொதிமாடுகள் முதலில் நின்று மூச்சு வாங்கும் இடம் அது. ஊர் முழுக்க மிளகை நம்பியே இருந்தது. சிலர் மிளகு புடைத்தார்கள். சிலர் மிளகு அளந்தார்கள். சிலர் மூட்டை தைத்தார்கள். மற்றவர்கள் இவர்களுக்குப் பானையும் செருப்பும் செய்து கொடுத்துப் பிழைத்தார்கள்.

ஊர் நடுவே ஒரு சத்திரம். வழிப்போக்கர்களுக்கு அங்கே இரண்டு வேளைச் சாப்பாடு. அந்தச் சத்திரத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. விருந்தாளி வாய் வைப்பதற்கு முன்னால் சமைத்தவர் வாய் வைக்கக் கூடாது. ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாலும் அந்தப் பானை எச்சில். கொண்டுபோய்க் கொட்டிவிட வேண்டியதுதான். ஆகவே அங்கே உப்பைக் கைக்கணக்கில் போட்டார்கள், புளியை நிறம் பார்த்துக் கரைத்தார்கள், மற்ற எல்லாவற்றையும் மோந்தே தீர்மானித்தார்கள்.

அங்கே தலைமைச் சமையற்காரர் சிற்றம்பலம். அவருக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. அவருடைய மூக்கைப் பற்றி ஊரில் மூன்று விஷயங்கள் சொல்வார்கள். தெருவில் நடக்கும்போதே எந்த வீட்டில் வெந்தயம் கருகுகிறது என்று சொல்வார். மூட்டையைப் பிரிக்காமலே மிளகு மலையின் கிழக்குச் சரிவா, மேற்குச் சரிவா என்று சொல்வார். எந்த வியாபாரி எத்தனை நாளாகக் குளிக்கவில்லை என்றும் சொல்வார். மூன்றாவதற்கு அவ்வளவு திறமை தேவையில்லை என்று சொன்னவர்களும் உண்டு.

தலைமைச் சமையற்காரருக்கு அடையாளம் ஒரு செம்பு அகப்பை. மூக்கு இருக்கும்வரை அகப்பை. சிற்றம்பலத்துக்கு முன்பு இருந்தவருக்கு வயதாகி மூக்கு மங்கியபோது, அகப்பையை வாங்கிக்கொண்டு அவரை விறகுக் கொட்டகையில் உட்கார வைத்தார்கள். அவருடைய மூக்கு மங்கியதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் சிற்றம்பலம்தான்.

இனி மிளகு விருந்து என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆண்டுதோறும் பங்குனியில், புது மிளகு காய்ந்து மூட்டை கட்டியதும், மலைக்குத் தலைவரான கரியமூப்பர் இறங்கி வருவார். சத்திரத்தில் உட்கார்ந்து, தன் மலையில் விளைந்த மிளகில் செய்த குழம்பைச் சாப்பிடுவார். அவர் இரண்டாம் முறை சோறு கேட்டால், அந்த வருடத்து மிளகு பொதிமேட்டு வழியாக இறங்கும். கேட்காமல் எழுந்துவிட்டால், மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கணவாய் வழியாக இறங்கும். ‘என் மிளகை ஆக்கத் தெரியாதவனுக்கு அளக்கவும் தெரியாது’ என்பது அவர் கணக்கு. ஒருமுறை அப்படி எழுந்து போயிருக்கிறார். அந்த வருடம் பொதிமேட்டில் பாதிப் பேர் ஊரை விட்டுப் போனார்கள்; மீதிப் பேர் கூழ் குடித்தார்கள்.

இப்படியிருக்க, ஒரு தை மாதம் சிற்றம்பலத்துக்குக் காய்ச்சல் வந்தது. ஒன்பது நாள் படுத்திருந்தார். பத்தாம் நாள் எழுந்து சமையற்கட்டுக்குப் போனார். பெருங்காயப் பெட்டியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனார். ஒன்றும் இல்லை. கருங்கல்லை மோந்ததுபோல் இருந்தது. சுக்கை உடைத்து மோந்தார். ஒன்றும் இல்லை. கறிவேப்பிலையைக் கசக்கி மோந்தார். ஒன்றும் இல்லை.

சாப்பிட உட்கார்ந்தபோது நிலைமை இன்னும் தெளிவாயிற்று. நாக்கு உப்பு, புளிப்பு, உறைப்பு என்று சிலவற்றைச் சொன்னது. மற்றதெல்லாம் வெறும் சூடு. மிளகு நாக்கைச் சுட்டது. ஆனால் அது மிளகுதான் என்று சொல்ல உள்ளே யாரும் இல்லை.

சளி இளகினால் சரியாகும் என்று நினைத்தார். சளி இளகியது. மூக்கு வரவில்லை. அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எங்கே உட்கார வைப்பார்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

மல்லி, மிளகு, சீரகம், வெந்தயம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுத்து இடித்துச் செய்வதுதான் சத்திரத்துக் குழம்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பதம். மல்லிக்குப் பொறுமை வேண்டும். மிளகு ஒன்றிரண்டு வெடித்தால் போதும். சீரகத்துக்குச் சட்டியின் சூடே போதும். வெந்தயம்தான் மோசம், ஒரு மூச்சு குறைந்தால் பச்சை, ஒரு மூச்சு கூடினால் கசப்பு. இத்தனை வருடமும் அந்த ஒரு மூச்சை அவருக்குச் சொல்லிக் கொடுத்தது மூக்கு.

மாசி பிறந்ததும் முதல் தவறு நடந்தது. வெந்தயம் கருகியது, குழம்பு கசந்தது. சத்திரத்தை நிர்வகிக்கும் மணியக்காரர் உலகநாதர் வந்து கேட்டார்.

“விறகு ஈரம். புகைஞ்சு புகைஞ்சு எரிஞ்சா நான் என்ன செய்ய?” என்றார் சிற்றம்பலம்.

பத்து நாள் கழித்து இரண்டாம் தவறு. மல்லி பச்சையாகவே போய்விட்டது. குழம்பு தண்ணீர் மாதிரி இருக்கிறது என்று மாட்டுக்காரன் ஒருவன் இலையிலேயே முகம் சுளித்தான்.

“அவன் மழையில நனைஞ்சு வந்தவன். காய்ச்சக்காரன் நாக்குக்கு எதைப் போட்டாலும் தண்ணிதான்” என்றார் சிற்றம்பலம்.

மூன்றாம் தவறு பெரியது. சீரகப் பானையில் ஈரம் இறங்கிப் பூசணம் பிடித்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத அளவு. மோந்தால் மட்டும் தெரியும். சத்திரத்தில் உலக்கை பிடிப்பவள் குருவம்மாள். நாற்பது வயது, கைம்பெண். இடிக்கிற கை, அடங்காத வாய். அவள் அன்று காலையே சொன்னாள்.

“ஐயா, இந்தச் சீரகம் ஒரு மாதிரி அடிக்குது. பழைய பாய் வாசம்.”

“உன் வேலை இடிக்கிறது. மோக்கிறது என் வேலை. இடி” என்றார் சிற்றம்பலம்.

இடித்தாள். அன்று குழம்பைத் தொட்ட முப்பது பேரில் இருபது பேர் இலையை மூடிவிட்டு எழுந்தார்கள். மணியக்காரர் சமையற்கட்டுக்கே வந்துவிட்டார். இந்த முறை சிற்றம்பலம் விரலை நீட்டினார்.

“சாமான் அறையைப் பார்த்துக்கிறது அவ. பானை வாயை ஒழுங்காக் கட்டியிருந்தா ஏன் இப்படி ஆகுது?”

குருவம்மாள் வாயைத் திறந்தாள். மணியக்காரர் காது கொடுக்கவில்லை. இருபது வருடம் செம்பு அகப்பை பிடித்தவர் சொல்லா, உலக்கை பிடித்தவள் சொல்லா என்று வந்தபோது அவர் அதிகம் யோசிக்கவில்லை. அன்றே அவளை மாட்டுத் தொழுவத்துக்கு மாற்றினார். சாணம் அள்ளுவது, தண்ணீர் காட்டுவது, தவிடு கரைப்பது.

விறகுக்கு வாய் கிடையாது. மாட்டுக்காரன் மறுநாளே ஊரைக் கடந்து போய்விட்டான். குருவம்மாளுக்கு வாயும் உண்டு, அவள் ஊரிலேயேதான் இருந்தாள். ஆனால் கேட்க ஆள் இல்லை. அப்படி மூன்று பழியும் மூன்று இடத்தில் இறங்கின. அகப்பை சிற்றம்பலத்தின் கையிலேயே இருந்தது.

பங்குனி வந்தது. விருந்துக்கு ஆறு நாள் இருந்தது. குருவம்மாள் மாடுகளுக்குக் கழுநீர் எடுத்துப் போக, பானையோடு சமையற்கட்டுப் பின்வாசலுக்கு வந்தாள். கழுநீரைப் பானையில் ஊற்றிக்கொண்டு நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள்.

“ஐயா, ஏதோ கருகுதே.”

சிற்றம்பலம் அடுப்புக்கு முன் குந்தி மல்லி வறுத்துக்கொண்டிருந்தார். மூக்கை இழுத்துக் காற்றை வாங்கினார். முகத்தைப் பெரிய மனுஷன் மாதிரி வைத்துக்கொண்டார்.

“ஒண்ணும் கருகல. மல்லி வறுபடுற வாசம் அது. தொழுவத்துக்குப் போன பத்து நாள்ல எல்லாம் மறந்து போச்சா?”

“மல்லியா?”

“ஆமா. நல்லாப் பக்குவமா வருது.”

“சரிதான் ஐயா. மல்லி உங்க முதுகுல ஏறிக்கிட்டிருக்கு” என்றாள் குருவம்மாள். சொல்லிக்கொண்டே பானையை அப்படியே அவர் மேல் கவிழ்த்தாள்.

அவருடைய தோள் துண்டின் நுனி அடுப்பு வாயில் விழுந்து, கங்கு பிடித்து, முதுகு வரை வந்திருந்தது. மேல்சட்டை போடாத காலம்; இன்னும் நாலு விரற்கடை ஏறியிருந்தால் தோல்தான். கழுநீர் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்த சிற்றம்பலம் கருகிய துண்டை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தார். பழக்கம் விடவில்லை. ஒன்றும் இல்லை.

குருவம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வெறும் பானையைக் கீழே வைத்தாள்.

“எத்தனை நாளா?”

அவர் துண்டைப் பிழிய ஆரம்பித்தார்.

“ஐயா, கேட்கிறேன். எத்தனை நாளா?”

“தையிலேருந்து.”

“அப்போ அந்தச் சீரகம்?”

அவர் அடுப்பைப் பார்த்தார்.

“தெரியாமத்தான் போட்டீங்க. சரி. தெரியலைன்னு தெரியுமில்ல? தெரிஞ்சும் என் மேல போட்டீங்க.”

“போட்டேன்” என்றார் சிற்றம்பலம்.

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் திட்டவில்லை. தரையில் உட்கார்ந்து, கழுநீர் பட்டுச் சட்டியிலிருந்து சிந்திய மல்லியைப் பொறுக்க ஆரம்பித்தாள். அது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. பிறகு அவரே பேசினார்.

“குருவம்மா, விருந்தன்னிக்கு இந்தப் பின்வாசல்ல நில்லு. மாட்டுக்குக் கழுநீர் எடுக்க வந்த மாதிரி நில்லு. வெந்தயம் பதம் வந்ததும் பானையை ஒரு தட்டுத் தட்டு. அது போதும். அப்புறம் மணியக்காரர்கிட்ட பேசி உன்னை உலக்கைக்கே கொண்டுவந்துடறேன்.”

“என் மூக்கு வேணும். நான் வேண்டாம். அப்படித்தானே?”

“அப்படி இல்ல...”

“அப்படித்தான். மூக்கைத் தனியாக் கழட்டித் தர முடியாது ஐயா. வந்தா நான் முழுசா வருவேன். முன்வாசல் வழியா வருவேன். இன்னாரு மூக்குன்னு சொல்லிட்டுக் கூப்பிடுங்க, வர்றேன்.”

பொறுக்கிய மல்லியை அவர் பக்கத்தில் குவித்து வைத்தாள். பானையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். யாரிடமும் சொல்லவும் இல்லை. ‘சொல்ல வேண்டியது என் வாய் இல்லை’ என்று அவள் நினைத்திருக்கலாம். சொன்னால் யார் நம்புவார்கள் என்றும் நினைத்திருக்கலாம்.

சிற்றம்பலம் மிச்சம் இருந்த நாட்களில் காதால் சமைக்கப் பழகினார். பச்சை மல்லியைக் கிண்டினால் மணல் மாதிரி சத்தம். ஈரம் போனதும் சருகு மாதிரி சலசலப்பு. மிளகு வெடிப்பது எல்லோருக்கும் கேட்கும். வெடிப்பதற்கு முன்னால் சட்டியில் அது உருளும் ஓசை மாறுவது அவருக்குக் கேட்டது. மூக்கு போன இரண்டு மாதத்தில், அவருக்கே தெரியாமல் காது நன்றாகத் தேறியிருந்தது. ஆனால் வெந்தயம் சத்தமில்லாமல் கருகியது. ஐந்து நாளில் ஐந்து முறை வறுத்தார். இரண்டு முறை சரியாக வந்தது, மூன்று முறை கருகியது. எது எது என்று அவருக்குச் சொன்னவர் உதவிச் சமையற்காரர் ஆவுடை. அதுவும் விஷயம் தெரியாமல்.

“என்ன அண்ணே, இன்னிக்கும் கசப்புப் பண்ணிட்டீங்க? விருந்து நேரத்துப் பதற்றமா? முடியலைன்னா சொல்லுங்க, அகப்பையை நான் கொஞ்ச நேரம் பிடிக்கிறேன்” என்று சிரிப்பார் ஆவுடை. அந்தக் கொஞ்ச நேரத்துக்காக அவர் பதினோரு வருடமாகக் காத்திருந்தார்.

விருந்து நாள் வந்தது. காலையிலேயே ஊர் முழுவதும் சத்திரத்து முற்றத்தில் கூடிவிட்டது. கரியமூப்பர் நாலு ஆட்களோடு இறங்கி வந்தார். குள்ளமான மனிதர், அகலமான கால்கள், அதிகம் பேசாதவர். வழக்கமாக நேரே இலைக்கு முன் உட்காருவார். இந்த முறை உட்காரவில்லை. இடுப்பிலிருந்து மூன்று தேக்கிலைப் பொட்டலங்களை எடுத்து முற்றத்துக் கல்லின் மேல் வரிசையாக வைத்தார்.

“மாசி மாசம் பூரா மாட்டுக்காரங்க மேலே வந்து ஒரே பேச்சு. பொதிமேட்டுச் சோறு கசக்குதாம். பூசணம் அடிக்குதாம். நான் பாதி நம்பினேன், பாதி நம்பலை. இந்தா மூணு பொட்டலம் மிளகு. மூணும் என் மலையில வந்தது. எதுல சமைப்பீங்க? மோந்து பார்த்துச் சொல்லுங்க. சொன்னப்புறம் உட்காருறேன்” என்றார்.

மணியக்காரர் சிற்றம்பலத்தைப் பார்த்தார். சிற்றம்பலம் அசையவில்லை. அதற்குள் ஆவுடை முன்னால் வந்துவிட்டார். முதல் பொட்டலத்தை மோந்தார். இரண்டாவதை மோந்தார். மூன்றாவதை மோந்தார். கண்ணை மூடித் திறந்தார்.

“நடுவுல இருக்கிறதுதான் புதுசு. ஓரத்துல ரெண்டும் போன வருஷத்துச் சரக்கு. ஒண்ணுல லேசாப் புகை வாசம்கூட இருக்கு.”

கரியமூப்பர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. “நீ உதவி. தலைமை யாரு?”

சிற்றம்பலம் கல்லருகே போனார். ஒவ்வொரு பொட்டலத்திலிருந்தும் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் எடை பார்த்தார். மூன்றும் ஒரே கனம். விரலால் உருட்டினார். மூன்றிலும் ஒரே சுருக்கம். தண்ணீர்ச் செம்பில் நாலு நாலு மணி போட்டார். மூன்றும் அடியில் போய் உட்கார்ந்தன. சொத்தை ஒன்றும் இல்லை. கண்ணும் கையும் தண்ணீரும் ஒன்றையே சொல்லின. ஆவுடையின் மூக்கு வேறு சொல்லியது. எது சரி என்று தீர்க்க மூக்கு வேண்டும், அது அவரிடம் இல்லை.

வழி இருந்தது. ‘ஆவுடை சொன்னதுதான் சரி’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சரியாக இருந்தால் அகப்பை பிழைக்கும். தவறாக இருந்தால்?

அப்போதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. முதல் தவறுக்கு விறகு இருந்தது. இரண்டாவதற்கு ஒரு வழிப்போக்கன் இருந்தான். மூன்றாவதற்குக் குருவம்மாள் இருந்தாள். இந்த நாலாவதற்கு யார் மேல் பழி போடுவது? சுற்றிப் பார்த்தார். புடைக்கிறவர்கள், அளக்கிறவர்கள், மூட்டை தைக்கிறவர்கள், பானை செய்கிறவர், செருப்புத் தைக்கிறவர், கைக்குழந்தையோடு நின்ற பெண்கள். தொழுவத்து ஓரத்தில், முழங்கை வரை சாணத்தோடு குருவம்மாள். இந்தப் பழியைச் சுமக்க முழு ஊரும்தான் இருந்தது. அதுவும் ஒரு வருடம் சுமக்க வேண்டும்.

அவர் இடுப்பிலிருந்த செம்பு அகப்பையை எடுத்துக் கல்லின் மேல், பொட்டலங்களுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“மூப்பரே, எனக்கு மூக்கு இல்லை. தை மாசக் காய்ச்சல்ல போச்சு. இந்த மூணுல எது நல்லதுன்னு எனக்குத் தெரியாது.”

மணியக்காரருக்குக் கோபத்தில் பேச்சு வரவில்லை. வந்தபோது நிறைய வந்தது. “ரெண்டு மாசமா? ரெண்டு மாசமா என்னய்யா பண்ணிக்கிட்டிருந்தே? விருந்தன்னிக்கு வந்து சொல்றியே, உனக்கே நல்லாயிருக்கா?”

“நல்லாயில்ல” என்றார் சிற்றம்பலம். “இன்னும் இருக்கு, அதையும் கேட்டுடுங்க. விறகு ஈரமில்ல. அந்த மாட்டுக்காரனுக்குக் காய்ச்சல் இல்ல. சீரகம் கெட்டதுன்னு குருவம்மா காலையிலேயே சொன்னா. நான்தான் இடிக்கச் சொன்னேன். நான்தான் அப்புறம் அவ மேல சொன்னேன்.”

கூட்டத்தில் யாரோ ஒரு பெண் “அடப்பாவி” என்றாள். அது எல்லோருக்கும் கேட்டது.

கரியமூப்பர் மட்டும் அவசரப்படவில்லை. “சரி. உன் மூக்கு போச்சு. இந்த ஊருல வேற மூக்கு இருக்கா?”

“இருக்கு. தொழுவத்துல இருக்கு. நான்தான் அனுப்பினேன்.” அவர் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி கூப்பிட்டார். “குருவம்மா, வாம்மா. முன்வாசல் வழியா வா.”

அவள் உடனே வந்துவிடவில்லை. கிணற்றடிக்குப் போய் மண் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவினாள். மறுபடி கழுவினாள். மோந்து பார்த்துவிட்டு மூன்றாம் முறையும் கழுவினாள். அதுவரை மலைக்குத் தலைவரும் மணியக்காரரும் ஊரும் நின்றுகொண்டிருந்தார்கள். பிறகு சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாக வந்தாள்.

முதல் பொட்டலத்தை மோந்தாள். இரண்டாவதை மோந்தாள். மூன்றாவதை மோந்தாள். மறுபடி முதலாவதை எடுத்தாள். மூன்றாவதன் இலையை மட்டும் பிரித்து, மிளகை வேறு, இலையை வேறாக மோந்தாள்.

“மூணும் ஒரே மிளகு” என்றாள். “ஒரே கொடி, ஒரே வெயிலு. இந்த வருஷத்துது. இந்த மூணாவது இலையில மட்டும் தேன் வாசம். மிளகுல இல்ல, இலையில. இதுல முன்னாடி தேனடை கட்டியிருப்பீங்க.”

கரியமூப்பர் சிரித்து அந்த ஊர் பார்த்ததில்லை. அன்று பார்த்தது. “வழியில பசிச்சுது. அடையைத் தின்னுட்டு இலையை வீணாக்குவானேன்னு இதைக் கட்டினேன்” என்றார். பிறகு ஆவுடை பக்கம் திரும்பினார். “புகை வாசம் எந்தப் பொட்டலத்துலப்பா?”

“நானும்... ஒரே மாதிரி இருக்கேன்னுதான் முதல்ல நினைச்சேன்” என்றார் ஆவுடை.

“நினைச்சதைச் சொல்லியிருக்கலாம்” என்றார் மூப்பர்.

ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். மூப்பர் இன்னும் சாப்பிடவில்லை. “மிளகு சரி. குழம்பு எங்கே?” என்று கேட்டுவிட்டு அவர் இலைக்கு முன் போய் உட்கார்ந்தார். அன்றைக்குப் பொதிமேட்டின் ஒரு வருடம் அடுப்பின் மேல் இருந்தது.

குருவம்மாள் அடுப்புக்கு ஒரு பக்கம் நின்றாள். சிற்றம்பலம் சட்டிக்கு முன் குந்தினார். துண்டை முதலில் கழற்றித் தூரப் போட்டார்.

மல்லி வறுபட்டது. “வாசம் வந்துடுச்சு, இறக்குங்க” என்றாள் அவள். “கொஞ்சம் பொறு. சத்தம் இன்னும் ஈரமா இருக்கு” என்றார் அவர். பொறுத்தாள். மணல் சத்தம் சருகுச் சத்தமானதும் இறக்கினார். அப்போது எழுந்த வாசத்தில் அவள் தலையை ஆட்டினாள். இது முன்னதைவிட மேல்.

மிளகு ஒன்று வெடித்தது, இரண்டு வெடித்தது, இறங்கியது. அந்தச் சட்டியின் சூட்டிலேயே புதிதாக வாங்கி வைத்த சீரகம் சிவந்தது. துவரம்பருப்பு பொன்னிறமாயிற்று. கடைசியில் வெந்தயம். அவர் கண்ணுக்கு அது இன்னும் வெளுப்பாகத்தான் இருந்தது.

“இறக்குங்க” என்றாள்.

அவர் கை தயங்கியது. இருபது வருடமாக அவருக்கு யாரும் ‘இறக்கு’ என்று சொன்னதில்லை.

“ஐயா, இறக்குங்க!”

இறக்கினார். சட்டியின் சூட்டிலேயே வெந்தயம் சிவந்து சரியான நிறத்துக்கு வந்து நின்றது. அவர் நம்பியிருந்த நிறத்துக்குக் காத்திருந்தால் கருகியிருக்கும்.

அவளே இடித்தாள். நல்லெண்ணெயில் கடுகும் கறிவேப்பிலையும் வெடித்தன. சின்ன வெங்காயமும் பூண்டும் வதங்கின. புளியும் மஞ்சளும் சேர்ந்து கொதித்தன. கருணைக்கிழங்குத் துண்டுகள் போய் விழுந்தன. இடித்த பொடி கடைசியில் இறங்கியது. உப்பைச் சிற்றம்பலம் கைக்கணக்கில் போட்டார். எண்ணெய் பிரிந்து மேலே நின்றதும், “இப்ப” என்றாள் குருவம்மாள். யாரும் ருசி பார்க்கவில்லை. அப்படியே கொண்டுபோய்ப் பரிமாறினார்கள்.

கரியமூப்பர் முதல் கவளத்தைச் சாப்பிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது கவளத்தைச் சாப்பிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. இலையில் இருந்தது முழுவதையும் முடித்தார். முற்றத்தில் ஒரு குழந்தை அழுதது. அதன் தாய் வாயைப் பொத்தினாள்.

“உப்பு அரைக்கல் கூடிப்போச்சு” என்றார் மூப்பர். பிறகு இலையைக் காட்டினார். “சோறு போடுங்க.”

மறுநாள் காலை மாடுகள் இறங்கின. கழுத்து மணிச் சத்தம் மத்தியானம் வரை ஓயவில்லை.

போகும்போது மூப்பர் மணியக்காரரிடம் ஒரே ஒரு விஷயம் சொன்னார். “மோக்கத் தெரிஞ்ச ஒருத்தன் பொய் சொன்னான். மோக்க முடியாத ஒருத்தன் உள்ளதைச் சொன்னான். முதல் ஆள் கையில அகப்பை இருந்திருந்தா, குழம்பு எப்படி இருந்தாலும் நான் மூட்டையை இறக்கியிருக்க மாட்டேன்.”

மணியக்காரர் செம்பு அகப்பையைக் குருவம்மாளிடம் கொடுத்தார். ஆவுடைக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அன்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. சிற்றம்பலத்தை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. விறகுக் கொட்டகைதான் வழக்கம் என்றார் மணியக்காரர். சிற்றம்பலம் மறுப்புச் சொல்லவில்லை. கொட்டகைப் பக்கம் நடக்கவும் ஆரம்பித்தார்.

“எங்கே போறீங்க?” என்று கேட்டாள் குருவம்மாள். “அங்கே போனா அந்தக் காது வீணாப் போகும். மல்லி வறுக்க ஆள் வேணும். வந்து உட்காருங்க. துண்டை மட்டும் வீட்டுல வெச்சுட்டு வாங்க.”

அவர் வந்து உட்கார்ந்தார். மூக்கு கடைசிவரை வரவில்லை. பொதிமேட்டுக் குழம்பு அதன்பிறகு கசந்ததாகத் தகவல் இல்லை. சத்திரத்து முன்வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழையும் வழிப்போக்கர்கள், இன்றைக்கு வறுத்தது யார், மோந்தது யார் என்று இரண்டு பெயரைக் கேட்டுவிட்டுத்தான் இலைக்கு உட்காருவார்களாம்.

இதிலிருந்து தெரிவது இதுதான்: தன் குறையை மறைக்கிறவன் பழி சுமக்க ஆள் தேடிக்கொண்டே இருப்பான், அதை ஒத்துக்கொள்கிறவனுக்குக் கை கொடுக்க ஆள் கிடைப்பார்.